வீட்டிலேயே செயின்சா பராமரிப்பு: சிங்கப்பூரில் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

"ஸ்டார்ட் ஆகவில்லை", "இழுக்கவில்லை", "மரத்தை அறுக்காமல் புகைகிறது". செயின்சா வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இவை. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மழுங்கிய செயின், நாள்பட்ட பெட்ரோல், தூசி அடைத்த ஏர் ஃபில்டர். மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். இது தெரியாததால் நல்ல இயந்திரத்தைக் கடைக்குத் தூக்கிப்போய்க் காசு கொடுப்பவர்கள் உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகாணியைக் கண்டபடி திருப்பி, உண்மையிலேயே கெடுத்துவிடுபவர்களும் உண்டு.

தரைவீட்டுத் தோட்டத்தில் மாமரமோ ரம்புத்தானோ வைத்திருப்பவர்கள், கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணையில் வேலை செய்பவர்கள், லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கடைசிவரை ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பதை முதலில் பாருங்கள், உள்ளே இருப்பதைப் பிறகு பாருங்கள். காசு செலவாகாத வேலையை முதலில் முடியுங்கள். கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்.

1. கை வைக்கும் முன்: இடம், தாள்கள், பாதுகாப்பு

காற்றோட்டமான திறந்த இடம் வேண்டும். தரைவீட்டுக் கார் நிறுத்துமிடம் போதும். வீவக வீட்டில் இருப்பவர்கள் பெட்ரோல் செயின்சாவைப் பொது நடைபாதையிலோ சமையலறையிலோ பிரிக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, அடுப்போ ஸ்விட்சோ இருக்கும் இடம்வரை போய்த் தீப்பிடிக்கும். பாம் ஷெல்டருக்குள் பெட்ரோல் கேன் வைப்பதும் கூடவே கூடாது. பெருவிரைவு ரயிலில் எரியக்கூடிய திரவம் கொண்டுபோவதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. தொட்டியில் மிச்சம் இருக்கும் பெட்ரோலும் அதில் சேரும். செயின்சாவைக் கொண்டுபோக வேறு வண்டியைப் பாருங்கள்.

தாள்களில் முக்கியமானது இயந்திரத்தின் கையேடு. தொலைந்துவிட்டால், உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையப்பக்கத்தில் தேடி இறக்கிக்கொள்ளலாம். மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் வாங்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். வாங்கிய ரசீதும் உத்தரவாத அட்டையும் இருந்தால் எடுத்துவையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் கார்புரேட்டரையோ இன்ஜினையோ நீங்களே பிரித்தால் உத்தரவாதம் போய்விடலாம். செயின், பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு), ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவை பயன்படுத்துபவரே கவனிக்க வேண்டிய பாகங்கள். அவற்றைத் தாராளமாகத் தொடலாம்.

கம்பெனி இயந்திரமாக இருந்தால், சூப்பர்வைசரிடம் கேட்காமல் பிரிக்காதீர்கள். யார் பழுதுபார்த்தார்கள் என்பது விபத்து நடந்தால் முதலில் எழும் கேள்வி.

பெட்ரோல் இயந்திரமானால் ஸ்விட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் செயினைத் தொட வேண்டும். பேட்டரி இயந்திரமானால் பேட்டரியை உருவி எடுத்துவிடுங்கள். மின்கம்பி இயந்திரமானால் மூன்று முள் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கனமான கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். செயின் ஓடாமல் இருக்கும்போதும் விரலைக் கிழிக்கும்.

2. வாங்கி வைக்க வேண்டியவை

உருண்டை அரம், அரத்தைச் சரியான உயரத்தில் பிடிக்கும் கைடு, தட்டை அரம், டெப்த் கேஜ் அளவி (பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை அளப்பது), பிளக் சாவி, பழைய பல்துலக்கி, பெயின்ட் பிரஷ், ஒரு உபரி பிளக், ஒரு உபரி பெட்ரோல் ஃபில்டர். இவ்வளவுதான். விலை கடைக்குக் கடை மாறும். பிளக் பெரும்பாலும் 10 வெள்ளிக்குள் கிடைக்கும், அரம் சில வெள்ளிதான். சின்ன இயந்திரத்துக்கான செயின் ஏறக்குறைய 20 முதல் 50 வெள்ளி. ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புக் கடைகளில் நேரில் பார்த்து வாங்கலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் அனுப்பும் செலவையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

செயின் வாங்கும்போதுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "16 இன்ச் செயின் கொடுங்கள்" என்று கேட்டால் தவறான செயின் வர நிறைய வாய்ப்பு. பாரின் நீளம் ஒன்றாக இருந்தாலும் செயின் வேறாக இருக்கும். மூன்று எண்கள் தெரிய வேண்டும்:

பிட்ச்: செயின் கண்ணிகளுக்கு இடையிலான தூரம், இன்ச் கணக்கில். 3/8 லோ ப்ரோஃபைல் (உயரம் குறைந்த வகை), .325, 3/8, .404 போன்றவை.
கேஜ்: பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மிமீ என்று இருக்கும். இன்ச் கணக்கில் முறையே 0.043, 0.050, 0.058, 0.063.
டிரைவ் லிங்க் எண்ணிக்கை: பள்ளத்துக்குள் போகும் கண்ணிகள் எத்தனை என்பது.

பிட்சும் கேஜும் பாரில், இயந்திரத்தோடு சேரும் முனையில் பொறித்திருக்கும். பழைய பாரில் எழுத்து அழிந்திருந்தால் பழைய செயினையே கடைக்குக் கொண்டுபோங்கள். 52 சிசி, 58 சிசி என்று இணையத்தில் மலிவாக விற்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 மிமீ கேஜ் கொண்டவை. ஆனாலும் பாரைப் பார்த்து உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள்.

3. பெட்ரோல் கலவை

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்துபோகும் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு உராய்ந்து பிடித்துக்கொள்ளும். அதற்கு ஆகும் செலவு பல நேரம் புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடும்.

கலவை விகிதம் கையேட்டில் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்கு இப்படி: 50க்கு 1 என்றால் 20 மில்லி ஆயில், 40க்கு 1 என்றால் 25 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. பெயர்பெற்ற பிராண்டுகள் பொதுவாக 50க்கு 1 கேட்கும். மலிவான 52, 58 சிசி இயந்திரங்கள் பல 25க்கு 1 கேட்கும். கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு போதும்.

ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். படகு இன்ஜினுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்குச் செய்தது. காற்றால் குளிரும் செயின்சாவுக்கு அது ஆகாது. மோட்டார் சைக்கிள் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலும் ஆகாது.

ஆக்டேன் 90க்கு மேல் இருந்தால் போதும் என்பது பெரிய பிராண்டுகளின் கணக்கு. இங்கே பங்கில் கிடைக்கும் 92, 95 இரண்டும் தாராளம். 98 ஊற்றுவதால் செயின்சா கூடுதலாக இழுக்காது.

ஒரு மாதத்தில் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் பெட்ரோலின் இலேசான பகுதி சீக்கிரம் ஆவியாகிவிடும். ஈரப்பதத்தில் கேனுக்குள் தண்ணீரும் சேரும். மீதியில் பிசுபிசுப்பு படிந்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வெட்டுபவர் என்றால் அரை லிட்டர் கலந்தாலே அதிகம். கேனின் மேல் கலந்த தேதியையும் விகிதத்தையும் எழுதி ஒட்டுங்கள். குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்காதீர்கள், பெட்ரோலுக்கென்று செய்த கேன் வேண்டும். ஊற்றும் முன் கேனை ஒருமுறை குலுக்குங்கள். சூடான இன்ஜினில் ஊற்றாதீர்கள்.

4. ஒவ்வொரு வேலைக்கும் பிறகு 15 நிமிடம்

பக்க மூடியின் நெட்டைக் கழற்றி, மூடியை எடுங்கள். உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருக்கும். பிரஷால் தள்ளி வெளியே எடுங்கள். தென்னை, பனை வகை மரங்களை வெட்டியிருந்தால் இன்ஜினையும் செயினையும் இணைக்கும் கிளட்சை நார் சுற்றிக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் உருவி எடுங்கள். விட்டுவிட்டால் சூட்டில் கருகும், செயின் பிரேக்கும் பிடிக்காது.

பாரின் பள்ளத்தை ஒரு மெல்லிய தகடால் வழித்து, பாரின் இயந்திரப் பக்க முனையில் இருக்கும் எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். இந்தச் சின்னத் துளை அடைத்தால் எண்ணெய்த் தொட்டி நிறைந்திருந்தாலும் செயின் காய்ந்துபோய் ஓடும்.

ஏர் ஃபில்டரை எடுக்கும் முன் சோக்கை (கார்புரேட்டருக்குள் போகும் காற்றை அடைக்கும் மூடியை) மூடுங்கள். அப்போதுதான் தூசி கார்புரேட்டருக்குள் விழாது. ஃபில்டரை மெல்லத் தட்டி, பிரஷால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். கழுவக் கூடாத வகை ஃபில்டரும் உண்டு, கையேட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் காய ஒரு நாள்கூட ஆகலாம், அதனால் ஒரு உபரி ஃபில்டர் இருப்பது நல்லது. கம்ப்ரஸர் காற்றை வெளிப்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி இழைகளுக்குள் போய்ப் பதிந்துவிடும். கிழிந்த ஃபில்டரை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே போகும் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

ஸ்டார்ட்டர் மூடியின் காற்றுத் துளைகளையும் சிலிண்டரின் தகடு தகடான இடைவெளிகளையும் பாருங்கள். அவை அடைத்தால் இன்ஜினுக்குக் காற்றுக் குளிர்ச்சி கிடைக்காது.

5. செயின் தீட்டுதல்

அறுக்கும்போது விழுவதைப் பாருங்கள். சிம்பு சிம்பாகச் சில்லு விழுந்தால் செயின் கூர்மை. மாவாகத் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது. அழுத்தினால்தான் இறங்குகிறது, புகை வருகிறது என்றால் உடனே நிறுத்தித் தீட்டுங்கள். மழுங்கிய செயினோடு அழுத்தி அறுப்பது பாரையும் கிளட்சையும் சேர்த்துத் தின்றுவிடும், இன்ஜினும் சூடாகும்.

புகை வந்ததும் "மழுங்கிவிட்டது" என்று முடிவு கட்டும் முன், செயின் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாரின் மேல்பக்கத்தில் பற்களின் கூர்முனை பாரின் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். புதியவர்கள் பலர் தலைகீழாக மாட்டிவிட்டுச் செயினையே குறை சொல்வார்கள்.

அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. 3/8 லோ ப்ரோஃபைலுக்கு 4.0 மிமீ, .325க்கு 4.8 மிமீ, பெரிய 3/8க்கு பிராண்டைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மிமீ. தவறான அரம் பல்லின் வடிவத்தையே மாற்றிவிடும். செயின் பெட்டியில் சரியான அளவு அச்சிட்டிருக்கும், பெட்டியை எறியாதீர்கள்.

தீட்டும் முறை:

பாரை வைஸில் கவ்வுங்கள். வைஸ் இல்லையென்றால் ஒரு மரக்கட்டையில் வெட்டுக்கீறல் போட்டு அதில் பாரை இறுக்கலாம். செயினைச் சற்றுக் கூடுதலாக இறுக்கினால் பல் ஆடாது. பிரேக்கைப் போட்டால் செயின் நகராது, அடுத்த பல்லுக்குப் போகும்போது எடுத்துவிடுங்கள்.

எல்லாப் பற்களையும் பார்த்து, மிகவும் குட்டையான பல்லை மார்க்கரால் குறியுங்கள். அதுதான் அளவுகோல். மற்ற எல்லாமும் அதன் நீளத்துக்கு வர வேண்டும். 56 டிரைவ் லிங்க் கொண்ட சாதாரணச் செயினில் 28 பற்கள் இருக்கும், இடம் 14, வலம் 14.

அரத்தைக் கைடோடு வையுங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி. பல்லின் மேல்தட்டிலேயே கோணக்கோடு பொறித்திருப்பார்கள், அதற்கு இணையாகப் பிடியுங்கள்.

பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். பின்னுக்கு இழுத்தால் அரம்தான் மழுங்கும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்முனையை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மழுக்கம். கோடு மறையும்வரை தள்ளுங்கள். கல்லிலோ ஆணியிலோ பட்ட பல்லுக்கு ஏழெட்டுத் தள்ளு பிடிக்கும்.

ஒரு பக்கப் பற்களை முழுக்க முடித்துவிட்டு, மறுபக்கம் போய் நின்று மீதியை முடியுங்கள். எல்லாருக்கும் ஒரு கை வலுவாக இருக்கும், அந்தப் பக்கப் பற்கள் அதிகம் தேயும். அதனால் எண்ணி எண்ணித் தள்ளுங்கள். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போனால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளையும். அறுக்கும்போது வளைகிறது என்று பாரை மாற்றுபவர்கள் முதலில் பற்களின் நீளத்தை அளந்து பார்ப்பது நல்லது.

மூன்று முதல் ஐந்து முறை தீட்டிய பிறகு டெப்த் கேஜைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்ன மேடு ஒன்று இருக்கும். அதுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரமும் குறையும். மேடு அப்படியே இருந்தால், பல் எவ்வளவு கூர்மையானாலும் மரத்தை எட்டாது. அளவியை வைத்து, மேலே துருத்திக்கொண்டிருப்பதைத் தட்டை அரத்தால் சீவுங்கள். சின்ன செயின்சாக்களுக்குப் பொதுவான இடைவெளி 0.65 மிமீ. மேட்டின் முன்விளிம்பைப் பழையபடி உருட்டிவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் சீவினால் வேகமாக அறுக்கும்" என்ற ஆசையில் கூடுதலாகச் சீவினால் செயின் மரத்தில் சிக்கும், பார் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்து கூடும். இதில் மட்டும் அளவி இல்லாமல் வேலை செய்யவே செய்யாதீர்கள்.

பல்லின் மேல்தட்டின் நீளத்தில் 3 முதல் 4 மிமீ மட்டுமே மீதமிருந்தாலோ, பொறித்த குறி வந்துவிட்டாலோ, எங்காவது விரிசல் தெரிந்தாலோ செயினை மாற்றிவிடுங்கள். முதல் முறை தீட்ட ஒரு மணி நேரம்வரை ஆகும். பழகிவிட்டால் 20 நிமிடம்.

இந்த ஊர் மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்னையின் வெளிப்புறம் மிகக் கடினம், செயினைச் சீக்கிரம் மழுக்கும். அடிமரத்தை மண்ணோடு ஒட்டி அறுத்தால் மணல் ஒட்டியிருக்கும், ஒரே வெட்டில் கூர் போய்விடும். அறுக்கும் முன் அடிமரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வேலிக் கம்பியும் ஆணியும் உள்ளே மூடிப்போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

6. இறுக்கம், பார், ஸ்ப்ராக்கெட்

செயின் குளிர்ந்திருக்கும்போதுதான் இறுக்கம் பார்க்க வேண்டும். பார் நெட்டைத் தளர்த்தி, பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடி இறுக்கும் திருகாணியைத் திருப்புங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டு நிற்க வேண்டும், ஆனாலும் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி நகர வேண்டும். மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே நெட்டை இறுக்கிவிடுங்கள். புதிய செயின் முதல் அரைமணி நேரத்தில் நீளும், அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். சூடான செயினை இறுக்கினால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது அது சுருங்கி பாரையும் கிராங்க் என்ற இன்ஜின் தண்டின் பேரிங்கையும் நெருக்கும்.

செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், இரு பக்கமும் சமமாகத் தேயும். விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் சீவுங்கள். பள்ளத்தில் செயின் பக்கவாட்டில் தாராளமாக ஆடினால் பார் ஆயுள் முடிந்தது. ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பல்சக்கரத்தில்) செயின் பதிந்த தடம் 0.5 மிமீ ஆழத்தைத் தாண்டினால் மாற்றுங்கள். பொதுவாக இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும்.

7. எண்ணெயும் பிரேக்கும்

செயின் ஆயில் என்று விற்பதையே ஊற்றுங்கள், அது ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. வடித்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது சிலரின் பழக்கம். அதில் இரும்புத்தூள் இருக்கும், பம்ப்பைத் தேய்க்கும். அறுக்கும்போது தெறித்துத் தோலிலும் மண்ணிலும் படியும். இங்கே மழைக்கால்வாயில் போவதெல்லாம் நீர்த்தேக்கத்தைப் போய்ச் சேரக்கூடும் என்பதால், பழைய எண்ணெயையும் பெட்ரோலையும் கால்வாயில் கொட்டாதீர்கள். சமையல் எண்ணெய் பிசினாகக் கெட்டிப்பட்டுச் செயினை ஒட்டவைத்துவிடும்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் மூக்கை வெள்ளைத் தாளுக்கோ அட்டைக்கோ நேராக, தொடாமல் பிடித்து ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். சில நொடிகளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றித் துளையைப் பாருங்கள், அதற்குப் பிறகு எண்ணெய்த் தொட்டியின் ஃபில்டர், கடைசியாகப் பம்ப்.

செயின் பிரேக்கை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். இயந்திரத்தைத் தரையில் ஊன்றிப் பிடித்து, ஓடும்போது முன்கைக் காப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அல்லது பட்டை தேய்ந்திருக்கும். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

8. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்: இந்த வரிசையில் போங்கள்

ஸ்விட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா? தொட்டியில் ஒரு மாதத்துக்குள் கலந்த பெட்ரோலா? பழையதென்றால் கேனில் வடித்துவிட்டுப் புதிதை ஊற்றுங்கள். பாதி இயந்திரங்கள் இதிலேயே உயிர்பெற்றுவிடும் என்றாலும் மிகையில்லை.

அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடிவிட்டது. ஸ்விட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமல் பத்து முறை கயிற்றை இழுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து இழுப்புக்குப் பிறகும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. தொட்டிக்குள் இருக்கும் ஃபில்டரை வளைந்த கம்பியால் மீன்பிடிப்பதுபோல இழுத்து எடுத்து மாற்றுங்கள். ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பிளக்கின் நிறமும் சேதி சொல்லும். வெளிர் பழுப்பு நல்லது. கறுத்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது ஆயில் கூடுதல். வெளுத்துப்போயிருந்தால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் குறைவாகப் போகிறது. அந்த நிலையில் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். பிளக் இடைவெளி பெரும்பாலான செயின்சாக்களுக்கு 0.5 மிமீ. பல மாடல்களுக்கு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ (NGK BPMR7A) பொருந்தும், ஆனாலும் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

தீப்பொறி பார்க்க, பெட்ரோல் மூடியை மூடி, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பகுதியைப் பிளக் துளையிலிருந்து தள்ளி சிலிண்டரில் தொடவைத்துக் கயிற்றை இழுங்கள். காப்பிட்ட இடுக்கியால் பிடியுங்கள். நீலப் பொறி வர வேண்டும். புது பிளக்கிலும் வராவிட்டால் ஸ்விட்ச் கம்பி உடலில் உரசுகிறதா என்று பாருங்கள், அடுத்தது பொறியை உண்டாக்கும் காயில்.

ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடங்களில் நின்றுபோகிறது, பெட்ரோல் மூடியைத் தளர்த்தினால் "உஸ்" என்று சத்தம் வந்து மறுபடி ஓடுகிறது என்றால் தொட்டியின் காற்றுத் துளை அடைப்பு. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வேகம் ஏறவே இல்லை என்றால் சைலன்சருக்குள் இருக்கும் பொறித்தடுப்பு வலையைக் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துப் போடுங்கள்.

9. கார்புரேட்டர்

இதுவரை சொன்ன எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். மூன்று திருகாணிகள் இருக்கும். எல் (L) என்பது மெதுவோட்டக் கலவை, எச் (H) என்பது முழுவேகக் கலவை, எல்ஏ (LA) அல்லது டி (T) என்பது மெதுவோட்ட வேகம். நீங்கள் தயங்காமல் தொடக்கூடியது எல்ஏ மட்டும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் செயின் ஓடிக்கொண்டிருந்தால் எல்ஏவை இடஞ்சுழியாகத் திருப்பி, செயின் நிற்கும்வரை குறையுங்கள். இன்ஜின் நின்றுபோனால் வலஞ்சுழியாகச் சற்றுக் கூட்டுங்கள். குறைத்தும் செயின் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம்.

எச்சைக் காதால் கேட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். கலவையில் பெட்ரோலைக் குறைத்தால் சத்தம் கூர்மையாகி, சக்தி கூடியதுபோலத் தோன்றும். அதே நேரத்தில் உள்ளே ஆயில் குறைந்து பிஸ்டன் சூடேறிக்கொண்டிருக்கும். வேகமானி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தானாகச் சரிசெய்துகொள்ளும் மின்னணு கார்புரேட்டர் உள்ள மாடல்களில் இந்தத் திருகாணிகளே இருக்காது.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த இயந்திரத்தில் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போயிருக்கும். கார்புரேட்டரின் மேல் பொறித்த எண்ணைக் காட்டி, மாற்று டயஃப்ரமும் கேஸ்கெட்டும் உள்ள கிட் வாங்கலாம். பிரிக்கும்போது ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுங்கள். கேஸ்கெட்டும் டயஃப்ரமும் இடம் மாறினால் ஸ்டார்ட் ஆகாது. உள்ளே இருக்கும் குட்டி நெம்புகோலை வளைத்துவிடாதீர்கள். துளைகளைக் கம்பியால் குத்தாமல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள். மலிவான மாடல்களுக்கு முழு கார்புரேட்டரே கிட் விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும், அப்போது மாற்றிவிடுவதே எளிது.

10. கயிறும் கிளட்சும்

கயிறு நைந்தால் அறும்வரை காத்திராதீர்கள். பழையதன் தடிமனும் நீளமும் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 3 முதல் 3.5 மிமீ. மாட்டிய பிறகு, கயிற்றை முழுக்க வெளியே இழுத்த நிலையிலும் சக்கரம் இன்னும் அரைச்சுற்று சுற்ற இடமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் உடையும். சக்கரத்தை எடுக்கும்போது ஸ்பிரிங் பாய்ந்து வரும், கண்ணாடி கட்டாயம்.

கிளட்சைக் கழற்றும்போது மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இடஞ்சுழியாக முரட்டுத்தனமாகத் திருப்பி மரையை உடைப்பவர்கள் அதிகம். பிஸ்டன் சுற்றாமல் நிறுத்த, பிளக் துளை வழியாகக் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்துக்கொள்ளலாம். இரும்புத் துண்டை விடாதீர்கள்.

11. பேட்டரி செயின்சா

பெட்ரோல், பிளக், ஃபில்டர் தொல்லை இல்லை. செயின், பார், எண்ணெய் எல்லாம் மேலே சொன்னபடியே. நெடுநாள் வைக்கும்போது பேட்டரியைப் பாதியளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதன் சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். ஆள் இல்லாத நேரத்திலும் இரவிலும் சார்ஜ் போடாதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், வீட்டுக் குப்பைக் குழாயிலும் போடாதீர்கள்.

12. எடுத்துவைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருக்கப்போகிறது என்றால் பெட்ரோலை வடித்து, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரைக் காலிசெய்யுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். கழற்றிச் செயின் ஆயிலில் நனைத்து டப்பாவில் வையுங்கள். அரத்தைத் தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள், எண்ணெய் பட்டால் வழுக்கும்.

மறுபடி எடுத்து அறுக்கப்போவது பெரிய மரமானால் முதலில் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலத்திலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

13. எப்போது கடைக்கு?

சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள் தெரிந்தால் இன்ஜின் உராய்ந்துவிட்டது. கிராங்க் ஆடினாலோ, தீப்பொறி காயிலே போயிருந்தாலோ, உத்தரவாதம் மீதமிருந்தாலோ கடைதான் சரி.

கொண்டுபோகும் முன் தொட்டியைக் காலிசெய்து, செயினைக் கழற்றிவிடுங்கள். கடையில் மூன்றைக் கேளுங்கள்: பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணமா, பாகம் வர எத்தனை நாள், செலவு எவ்வளவைத் தாண்டினால் உங்களைக் கேட்காமல் தொடக் கூடாது. கடைசியாகச் சொன்னதை ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பழுதுச் செலவு அதே இயந்திரத்தின் புது விலையில் பாதியைத் தாண்டினால், இன்ஜினை விட்டுவிட்டு பாரையும் செயினையும் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே பிட்ச், கேஜ் உள்ள, பார் பொருந்தும் இயந்திரத்தை அடுத்து வாங்கினால் அவை பயன்படும்.